இரண்டு நூலுக்குக் கொஞ்சம் குறைவு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, திருத்தணி அரக்கோணம் ரோட்டுப் பட்டறையில் போட்ட எட்டு மில்லி ஓட்டை வழியாக மணவூர் ரயில்வே ஸ்டேஷன் தெரிந்தது. இரும்புப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுருள் ஒட்டியிருக்கிறதா என்று ஊதிப் பார்த்த துரைக்கண்ணு, எதிரே இருக்க வேண்டிய டீக்கடைக்குப் பதிலாக ஒரு பிளாட்பாரத்தையும், சிமெண்டு பெஞ்சையும், பெஞ்சுக்கடியில் தூங்குகிற ஒரு செவலை நாயையும் கண்டார். பட்டையை இறக்கினார், டீக்கடை இருந்தது. ஏற்றினார், மணவூர் இருந்தது. அரக்கோணம் லோக்கல் அப்போதுதான் உள்ளே வருகிறது, இன்றைக்கு இருபது நிமிஷம் லேட்டு என்று அவர் சொன்னார். லேட்டுதான் என்று அந்த வண்டியில் போனவர்கள் சாயங்காலம் வந்து சொன்னார்கள்.

அந்தப் பட்டறை மூன்று பேருக்குப் பொது. கஜபதி லேத் வைத்திருந்தார். பொதட்டூர்பேட்டைக்கும் அம்மையார்குப்பத்துக்கும் விசைத்தறிச் சாமான் கடைந்து கொடுப்பார். குணசேகரன் கிரில் கேட் செய்வார். பங்காரு கிணற்று மோட்டார் பார்ப்பவர், எழுபதைத் தாண்டியவர், நகரிப் பக்கத்து ஆள். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டிவிட்டுத் தமிழில் சமாதானம் சொல்வார். மூவருக்கும் தனித்தனி இடம், தனித்தனி பூட்டு, தனித்தனி டிரில் பிட்டு டப்பா. துளை போடுகிற மிஷின் மட்டும் ஒன்றே ஒன்று. அதில் நின்றவர் துரைக்கண்ணு. மூன்று பேர் வேலையும் அவர் கையில்தான் துளைபட்டாக வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கஜபதியின் ஒரே மகள் கவிப்பிரியாவும் துரைக்கண்ணுவின் மகன் வளவனும் அதற்கு நாலு வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சேர்ந்து போய்விட்டார்கள். இரண்டு குடும்பமும் ஒரே கிராமம். ஆனால் கஜபதி வீடு ஊருக்குள், நிலம் நீச்சு உண்டு. துரைக்கண்ணு வீடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனியில். அவருடைய அப்பாவும் தாத்தாவும் கஜபதி வீட்டு நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை கண்ணுங்களா, உங்களுக்கே தெரியும். ஊரார் கேட்டபோது கஜபதி, "எனக்குப் பொண்ணே இல்ல" என்று மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் போதும் என்று அவர்கள் எழுந்த பிறகும் சொன்னார். அடுத்த வாரம் துரைக்கண்ணுவைப் பட்டறையிலிருந்து நிறுத்தச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் ஒப்பவில்லை, அந்த வட்டாரத்தில் அவ்வளவு நேராகத் துளை போடுகிற கை வேறு கிடையாது. ஆகவே கஜபதி ஒரு வழி கண்டுபிடித்தார். துரைக்கண்ணுவோடு பேசுவதை விட்டுவிட்டு மிஷினோடு பேசினார்.

"மிஷினு, இதுல எட்டு மில்லியில நாலு ஓட்டை. நாளைக்குக் காலையில வேணும்."

"மிஷினு, மொதலாளிகிட்ட சொல்லு. எட்டு போட்டா போல்ட்டு ஆடும். ஏழரை போதும்."

"மிஷினு, உன்னை இன்னா யோசனையா கேட்டாங்க?"

குணசேகரன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். ஆறு மாதத்தில் அவருக்கும் பழகிப்போனது. வெளியூரிலிருந்து வருகிற தறிக்காரர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, உள்ளே நுழைகிறபோது அந்த மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள்.

பங்காருவுக்கு மட்டும் இது ஆறவில்லை. ஆயுத பூஜை என்றால் அங்கே வழக்கமாக மூன்று படம், மூன்று பொரி மூட்டை, ரோட்டில் மூன்று இடத்தில் உடைபடுகிற மூன்று பூசணிக்காய். அந்த வருஷம் அவர், "ஒரே கொட்டாய்க்கு எதுக்குடா மூணு பூசை? ரெண்டு பேரும் பேசாங்காட்டி போங்க, சாமானாவது ஒண்ணா கெடக்கட்டும்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் மூன்று டப்பாவையும் ஓர் அண்டாவில் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, பெரிய தலைவாழை இலையில் குவித்து, விபூதி பூசிச் சந்தனம் குங்குமம் வைத்தார். நானூற்றுப் பதினேழு பிட்டுகள். மிஷினில் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கு கடித்துக் கடித்து முக்கால்வாசிப் பிட்டுகளில் அளவெழுத்து அழிந்திருந்தது. பூஜை முடிந்த பிறகு எது யாருடையது, எது எத்தனை மில்லி என்று பிரிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. எல்லாவற்றையும் ஒரு பெரிய தகர டின்னில் போட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணளவில் பொறுக்கி எடுத்தார்கள். அன்றையிலிருந்துதான் ஓட்டைகளில் வெளியூர் தெரிய ஆரம்பித்தது.

எட்டு மில்லியில் மணவூர். பத்தில் அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்கூடம், அங்கே பனியன் போட்ட ஒருவர் நாளெல்லாம் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். பன்னிரண்டில் யாருடைய கொல்லையோ, நாலு ஆடு. மூன்றரைக்குக் கீழே இருந்தவற்றில் நிறம் மட்டும் தெரிந்தது. குணசேகரன் ஒரு சைக்கிள் கம்பியை மணவூருக்குள் நுழைத்துப் பார்த்தார். கம்பி மறுபக்கம் பட்டறைக்குள்ளேயே வந்தது. குரல் கொடுத்துப் பார்த்தார், நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கண்ணைத் தவிர வேறொன்றும் போகாது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஒரு பேப்பர்காரர் வந்து போட்டோ எடுத்தார், போட்டோவில் வெறும் ஓட்டைதான் விழுந்தது. இரண்டு வாரம் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பொதட்டூர்பேட்டை அம்மாள் ஒருத்தி, சேலத்துக்குப் போவதாகச் சொல்லிப் போன வீட்டுக்காரரை மணவூர் பெஞ்சில் இன்னொருத்தியோடு பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் ஆண்கள் உட்காருவதில்லை. மூன்றாவது வாரம் கூட்டம் நின்றது. பஸ் ஏறினால் பார்க்கக்கூடிய மணவூரை ஒற்றைக் கண்ணால் எத்தனை நாள் பார்ப்பது? தொழிலுக்கும் பாதகமில்லை. போல்ட்டு ஏறிவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும், அப்புறம் எந்த ஊரும் தெரியாது.

தீபாவளி கழிந்த நாலாம் நாள், கஜபதியின் தறி வேலை ஒன்றுக்கு, ஒரு நீளப் பட்டையில் ஆறரை மில்லியில் ஓர் ஓட்டை கேட்டிருந்தார்கள். துரைக்கண்ணு டின்னில் கைவிட்டு, கண்ணுக்கு ஆறரையாகப் பட்ட ஒன்றை எடுத்து மாட்டி, துளைத்து, பிட்டைக் கழற்றி மறுபடியும் டின்னில் எறிந்துவிட்டு, பட்டையைத் தூக்கி ஊதினார். ஒரு துணி துவைக்கிற கல் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் கவிப்பிரியா குந்தி உட்கார்ந்து, இரண்டு இரண்டரை வயசிருக்கும் ஒரு பெண் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே கொடியில், தான் ஒரு பொங்கலுக்கு வளவனுக்கு வாங்கிக் கொடுத்த கட்டம் போட்ட நீலச் சட்டை காய்வதைத் துரைக்கண்ணு பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு பட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு மிஷினைப் பார்த்து நின்றார்.

"மிஷினு, மொதலாளிகிட்ட சொல்லிடு. பொண்ணு நல்லா கீறா. கொழந்தை கீது. இதுல தெரியுது. ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லு."

லேத் ஓடிக்கொண்டிருந்தது. கஜபதி அதை நிறுத்தவில்லை.

"மிஷினு, யாருக்குப் பொண்ணு? அந்தப் பட்டைய ரெண்டு மணி பஸ்ல ஏத்தணும். தொடச்சி வை."

பட்டை இரண்டு மணி பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை போனது. ஏற்றும் வரை துரைக்கண்ணு நாலு தரம் பார்த்துக்கொண்டார். கஜபதி ஒரு தரமும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது தறியில் பூட்டப்பட்டு, ஓட்டையில் போல்ட்டு இறங்கிவிட்டது.

கஜபதியின் மனைவி அனுசுயாவுக்கு விஷயம் மறுநாள் பங்காரு வழியாகத் தெரிந்தது. அந்த அம்மாள் அதுவரை பட்டறைப் படி மிதித்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். புருஷனைப் பார்க்காமல் துரைக்கண்ணு முன்னால் போய் நின்றாள். "துரைக்கண்ணு, அந்த ஓட்டைய காட்டு" என்றாள். ஓட்டை தறியில் ஏறிவிட்டது என்றார். தறிக்காரரிடம் போனாள். பட்டையைக் கழற்றிக் காட்டினார்கள், போல்ட்டு இறுக்கிய இறுக்கில் ஓட்டை வாய் நசுங்கி, இருட்டாக இருந்தது. திரும்பி வந்து, "அப்போ அந்தப் பிட்டைக் குடு" என்றாள். துரைக்கண்ணு தகர டின்னைக் காட்டினார். அனுசுயா குனிந்து டின்னைப் பார்த்தாள். அதைக் கவிழ்த்துத் தரையில் கொட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அன்று தொடங்கிய வேலை இரண்டு மாதம் நடந்தது. காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வருவாள், வெளிச்சம் மங்குகிற வரை இருப்பாள். துரைக்கண்ணு தன் வேலைக்கு நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் எதிரே உட்காருவார், பெஞ்சில் அல்ல, ஓர் இரும்புத் துண்டின்மேல். மயிரிழை கனத்தையும் அளக்கிற வெர்னியரை எப்படிப் பிடிப்பது என்று அவளே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பிட்டின் அடித்தண்டில் அளந்தால் பொய்யளவு காட்டும், சக்கு கடித்த இடம் புடைத்திருக்கும், ஆகவே முனைக்குப் பக்கத்தில் இரண்டு விளிம்பையும் கவ்வ வைத்து அளக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஆயிற்று. சுவர் துளைக்கிற கான்கிரீட் பிட்டுகள் முதலில் போயின. முனை உடைந்தவை போயின. மீதியை ஐந்து, ஐந்து புள்ளி ஒன்று, ஐந்து புள்ளி இரண்டு என்று ஊதுபத்திக் கூட்டிலும் தயிர் டப்பாவிலும் பிரித்துப் போட்டார்கள். பழைய இன்ச்சுக் கணக்குப் பிட்டுகள் பங்காருவுடையவை, அவற்றை நூல் பிட்டு என்பார்கள், எட்டு நூல் சேர்ந்தால் ஓர் இன்ச்சு. ஒரு நாள் அனுசுயா வருவதற்கு முன் துரைக்கண்ணு அவற்றை எடுத்தபோது லேத் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மிஷினு, தறி வேலையெல்லாம் மில்லிக் கணக்கு. அதுல நூல் பிட்டு எப்படி வரும்? அதத் தூக்கித் தனியா போடச் சொல்லு."

நாலு வருஷத்தில் மகள் விஷயத்தில் மறுக்காமல் கஜபதி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. துரைக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணளவில் எடுத்த பிட்டு எதுவாகவும் இருக்கலாமே என்று நினைத்தார். ஆனால் இந்த மட்டுக்காவது வாய் திறந்த மனுஷனை மறுத்துப் பேசி, திரும்பவும் மூட வைக்க வேண்டாம் என்று சும்மா இருந்தார். நூல் பிட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஏறி, டப்பா அலமாரிக்கு மேலே போனது. அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பங்காரு அவ்வப்போது எடுத்து, கை டிரில்லில் மாட்டி மோட்டார் பலகையைத் துளைத்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுவார். போல்ட்டு ஏறுகிற ஓட்டைதானே, அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஐம்பத்து மூன்று பிட்டுகள் தேறின. ஒவ்வொன்றாலும் ஒரு தகட்டில் ஓர் ஓட்டை. ஆறில் ஒரு பாழுங்கிணறு தெரிந்தது. ஆறு புள்ளி இரண்டில் ஒரு பள்ளிக்கூடத்து மின்விசிறி. ஆறரை என்று எழுத்துள்ள மூன்று பிட்டுகளில் புதியது ஒரு தார் ரோட்டைக் காட்டியது, தேய்ந்தது ரோட்டோரப் பள்ளத்தைக் காட்டியது, இன்னும் தேய்ந்தது பள்ளத்துக்கு அப்பால் இருந்த கருவேல மரத்தைக் காட்டியது. பிட்டு ஒரு மயிரிழை தேய்ந்தால் பார்க்கிற இடமும் பத்தடி நகர்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அனுசுயா ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணை வைத்துக் கால் மணி நேரம் பார்ப்பாள். கருவேல மரத்தடியில் யாராவது வருவார்களா என்று ஒரு முழு நாள் பார்த்தாள். ஒரு பன்றி வந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், பகல் பன்னிரண்டு மணிக்கு, கஜபதியின் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தார். "நைனா" என்று ஒரு குரல் கேட்டது. அவர் கட் செய்துவிட்டார். வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. நாலு வருஷமாக அந்தக் குரலை மனசுக்குள் கேட்டபோதெல்லாம் வெட்டி வெட்டிப் பழகின கை, தானாகவே வெட்டிவிட்டது. மூன்றடி தள்ளி அனுசுயா முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு புள்ளி நாலு அளந்துகொண்டிருந்தாள். கஜபதி லேத்துக்குப் பின்னால் போய் அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டார், எங்கேஜ்டு. சாயங்காலம் மறுபடியும் போட்டார். யாரோ ஒருவர் தெலுங்கில், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் கேட்டாள் என்று கொடுத்தேன், நான் காளஹஸ்தி வந்துவிட்டேன், அந்தப் பெண்ணைத் தெரியாது என்றார். அனுசுயாவிடம் கஜபதி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் லேத்தை ஓட்டாமல் வந்து தரையில் உட்கார்ந்து, இன்னொரு வெர்னியரை எடுத்து, ஏற்கெனவே அளந்த ஐம்பத்து மூன்றையும் மறுபடி அளக்க ஆரம்பித்தார். மனசு மாறிவிட்டது என்று பங்காரு சந்தோஷப்பட்டு எல்லாருக்கும் போண்டா வாங்கினார்.

மார்கழி முடிகிற தறுவாயில், மலையில் படிப் பூஜைக் கூட்டம் இறங்கி, ரோட்டில் பஸ்ஸெல்லாம் காலியாகப் போகத் தொடங்கிய பிறகு, அனுசுயா தற்செயலாக அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.

"துரைக்கண்ணு, அந்த டப்பாவுல இன்னா கீது?"

"நூல் பிட்டும்மா. பங்காரண்ணன் சாமான்."

"அதுல ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லியா?"

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார். "ரெண்டு நூல் இருக்குதும்மா. மில்லிக் கணக்குல ஆறு புள்ளி முப்பத்தஞ்சு."

"அப்போ ஏன் அத பாக்கல?"

அனுசுயா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்தது. "நல்ல ஆம்பளைங்க" என்றாள். ஒரு நாள் பேசியிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலை.

இரண்டு நூல் பிட்டு டப்பாவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெர்னியரில் ஆறு புள்ளி முப்பத்தொன்று காட்டியது, ஒரு மில்லியில் நூற்றில் நாலு பங்கு தேய்ந்திருந்தது. இனி ஒரே ஓர் ஓட்டைதான், அதற்கு மேல் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று பங்காரு சொன்னார். துரைக்கண்ணு மூன்று மில்லித் தகடு ஒன்றை எடுத்துப் பூட்டி, பெல்ட்டை மெதுவான ஓட்டத்துக்கு மாற்றி, பிட்டு சூடேறாமல் இருக்கச் சோப்பு ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லி, கைப்பிடியை இறக்கினார். குணசேகரன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து நின்றார். தகட்டைத் துடைத்து முதலில் அனுசுயாவிடம் கொடுத்தார்கள்.

துணி துவைக்கிற கல் இல்லை. பங்காரு துளைத்துத் தேய்ந்த மட்டுக்கு இடம் நகர்ந்து, ஓர் அறையின் உள்பக்கம் தெரிந்தது. கவிப்பிரியா தையல் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை காலடியில் துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "எளச்சிப் போயிருக்கா" என்றாள் அனுசுயா. "பாப்பா என் மாமியார் மாதிரி இருக்குது, மூக்கப் பாரு." பிறகு கண் நிரம்பி ஒன்றும் தெரியாமல் போகவே, தகட்டைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

கஜபதி பார்த்தார். மகளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அனுசுயாவின் கண்ணுக்குத் தப்பியதும் அவருக்குத் தெரிந்தது. தையல் மிஷினுக்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் சாமந்தி மாலை போட்ட ஒரு போட்டோ. போட்டோவுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு.

தகட்டை இறக்கிவிட்டு வழக்கம்போல மிஷின் பக்கம் திரும்பினார். "மிஷினு" என்றார். இன்னொரு தரம் "மிஷினு" என்றார். பிறகு மிஷினை விட்டுவிட்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் துரைக்கண்ணுவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி" என்றார். "நீங்க கொஞ்சம் பெஞ்சுல உக்காருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதுமே துரைக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமான விஷயத்துக்கு அந்த மனுஷன் வாயில் அந்தச் சொல் வந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்தார், தகட்டை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அதே நீலச் சட்டை" என்றார். "அதப் போட்டுகினுதான் போட்டோ எடுத்திருக்கான்." அப்புறம் வெகு நேரம் தகட்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

கடைசியில் பங்காரு தகட்டை வாங்கிப் பார்த்தார். போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. தெலுங்கு எழுத்து. ஒரு பாத்திரக் கடையின் பெயரையும் அதன்கீழே ஊரையும் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "புத்தூரு" என்றார். "பாவி மவளே, இத்தாண்ட இருக்கிற புத்தூரு." திருத்தணியில் திருப்பதி பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். கஜபதியும் அனுசுயாவும் அந்த நாலு வருஷத்தில் இரண்டு தரம் அந்த ஊர் வழியாகவே திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

அன்றைக்கே அவர்கள் இருவரும் துரைக்கண்ணுவும் பஸ் ஏறினார்கள். பாத்திரக் கடையில் விசாரித்து, தையல்காரப் பெண் என்று அடையாளம் சொல்லி, பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. கவிப்பிரியா எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். அழவில்லை. மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் துரைக்கண்ணுவைப் பார்த்துப் பேசினாள்.

"சாரத்துல இருந்து விழுந்துட்டாரு மாமா. பெயிண்டு அடிச்சிகினு இருந்தாரு. ஆறு நாள் இருந்தாரு. மூணாவது நாள் ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர்கிட்ட ஃபோன் வாங்கிப் பண்ணேன். உங்க நம்பர் எனக்குத் தெரியாது, இந்த நம்பர்தான் மனப்பாடம். நைனான்னேன். கட் பண்ணிட்டாரு."

அனுசுயா புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் செருப்பைக் கழற்றி ஒரு காலும், கழற்றாமல் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல மாமா. கூட நிக்க ஒரு ஆளு வேணும்னுதான் பண்ணேன்." சொல்லிவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். "உள்ள வாங்க மாமா. அம்மா, வா."

மூன்றாவது ஆளை அவள் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கஜபதி கழற்றின செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரத்தடியில் ஆறு மணி வரை நின்றார். குழந்தை ஒரு தரம் வாசலுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. திரும்பும்போது பஸ்ஸில் அனுசுயா முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, திருத்தணி வரும் வரை பின்னால் திரும்பவில்லை. இறங்கின பிறகு, "அண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழமை ஒம்போது மணி பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்று துரைக்கண்ணுவிடம் மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் இரண்டு பேரும் புத்தூர் போகிறார்கள். கஜபதி பட்டறையில் இருப்பார். ஞாயிறு தறி நிற்கிற நாள், அன்றைக்குத்தான் தறிச் சாமான் ரிப்பேருக்கு வரும். தகட்டை ஜன்னல் கம்பியில் கண்ணுயரத்துக்குக் கட்டி வைத்திருந்தார். முதல் இரண்டு ஞாயிறு, மனைவியும் சம்பந்தியும் வாழைப்பழத்தோடு ஓட்டைக்குள் நுழைவதையும், டம்ளரில் எதையோ குடிப்பதையும், குழந்தை துரைக்கண்ணுவின் மடியில் ஏறுவதையும் பார்த்தார். இரண்டாவது ஞாயிறு துரைக்கண்ணு அந்த வீட்டில் ஓட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டார். மருமகளிடம் மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி கவிப்பிரியா கேட்டுக்கொண்டாள். "எந்தப் பக்கத்துல இருந்து தெரியுது?" என்று மட்டும் கேட்டாள். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே வெள்ளையடித்த வெறும் சுவர்தான் இருந்தது.

மறு ஞாயிறு கஜபதி கண்ணை வைத்தபோது பச்சையாக இருந்தது. அந்தச் சுவரை மறைத்து அவள் ஒரு புடவையைத் தொங்கவிட்டிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் பச்சை. கஜபதி ஆடி மாதம் வரைக்கும் அந்தப் புடவையைப் பார்த்தார். பகலில் வெளிர் பச்சை, மழை மூட்டத்தில் கரும்பச்சை, யாராவது பக்கத்தில் போனால் லேசாக அசையும். "விட்டுத் தொலை கஜபதி, கண்ணு பூத்துடும்" என்று பங்காரு சொன்னார். "அசையுது அண்ணா" என்றார் கஜபதி. வேறு நாளில் ஒரு நாளும் பார்க்க மாட்டார். ஞாயிறு பதினோரு மணி, அரை மணி நேரம், அவ்வளவுதான். துரைக்கண்ணு போய் வந்த கதையைத் திங்கட்கிழமை சொல்வார், கஜபதி சம்பந்தி சம்பந்தி என்று கேட்டுக்கொள்வார். வீட்டில் அனுசுயா சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், புத்தூரைப் பற்றி மட்டும் அவரிடம் பேச மாட்டாள்.

ஆடிக் கிருத்திகை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, புடவை ஒரு முழம் ஒதுங்கியிருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் ஒரு பலகை போட்டு, குழந்தையை உட்கார வைத்து, கவிப்பிரியா தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னலை இழுத்துக் கட்டி ரிப்பன் வைத்தாள். அவிழ்த்துவிட்டு இன்னொரு தரம் பின்னினாள். சுவர்ப் பக்கம் அவள் முகம் திரும்பவேயில்லை. அன்றையிலிருந்து ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு அந்தப் பலகை அதே இடத்தில் விழுகிறது. குழந்தைக்கு இப்போது நாலு வயசு. ஓரிரு பல் விழுந்த மாதிரி தெரிகிறது, நாலு வயசில் விழாதே என்று கஜபதி கவலைப்பட்டார், கீழே விழுந்து பல் உடைந்தது என்று துரைக்கண்ணு திங்கட்கிழமை சொன்னார். கஜபதி இன்றைக்கு வரைக்கும் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. கூப்பிடுவாளா என்று நீங்கள் என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது கண்ணுங்களா.

ஞாயிறு பதினோரு மணிக்கு யாராவது தறிச் சக்கரத்தோடு உள்ளே வந்து, "லேத்துக்காரர் இல்லீங்களா?" என்று கேட்டால், குணசேகரன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்.

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு. அரை மணியில வந்துடுவாரு, உக்காருங்க."

நாலடி தள்ளி, ஜன்னலோரமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கஜபதி நின்றுகொண்டிருப்பார். வந்தவர் அந்த முதுகை ஒரு தரம் பார்ப்பார். பிறகு சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்.